எல்லைக் கிராம முதியோரும் வினாப் பட்டியலும்

1956ஆம் ஆண்டு இந்நாட்டின் எல்லைகளுக்கும் அளவைகளுக்கும் முக்கியமான ஆண்டாகும். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. திருவிதாங்கூரின் தென்கோடியிலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதே ஆண்டின் இறுதியில், நாடெங்கும் ஒரே நிறையும் ஒரே அளவும் வழங்குவதற்கு வகைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்னர் ஓர் ஊர்ச் சந்தையின் நாழி மற்றோர் ஊர்ச் சந்தையின் நாழியை ஒத்திருக்கும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. பெயர் ஒன்றாயிருந்தும் கொள்ளளவு வேறாயிருந்தது. நெல் வாங்க வந்தவர் நாழியின் பெயரை நம்பாமல், அதனை அளந்து பார்த்த பின்னரே விலை பேசினார்.

நெல்லுக்கும் துணிக்கும் தீர்ந்துவிட்ட இச்சிக்கல், மனிதரின் வாழ்க்கை நிலையை அளக்கும் கருவிகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. முதியோர் ஒருவர் ஊர் வாழ்வில் எந்த அளவுக்குப் பங்குகொள்கிறார் என்பதை அறிவதற்கு இன்று பல வினாப் பட்டியல்கள் உள்ளன. இவை பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளில் உருவாகிப் பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்படுகின்றன. பாரசீகம் முதலிய ஆசிய மொழிகளிலும் இத்தகைய மொழிபெயர்ப்புகள் செய்யப்பட்டுச் சோதிக்கப்பட்டுள்ளன. ஒரு மொழியில் ஒரு முறை சோதித்து ஏற்கப்பட்ட பட்டியல், அம்மொழி பேசப்படும் இடங்களிலெல்லாம் அப்படியே ஏற்புடையது என்ற கருத்து நிலவிவருகிறது. இக்கருத்து தவறானது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைக் கிராமங்களைக் கருதிப் பார்த்தால் இத்தவறு தெளிவாக விளங்கும்.

அளப்பது எதற்காக?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர் 60 வயதைக் கடந்தவர். தமிழ்நாட்டில் இவ்விகிதம் 10.4 ஆகவும் கேரளத்தில் 12.6 ஆகவும் இருந்தது. ஆகவே நாட்டில் முதுமையின் பிரச்சினைகளை முன்னதாகச் சந்திக்கும் நிலப்பரப்பு இதுவேயாகும். மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் சார்பில் 2017-18இல் நடத்திய முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் முதற் சுற்றில், 45 வயதுக்கு மேற்பட்டோரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவருமாக 72,250 பேர் வினவப்பட்டனர். அவர்களுள் 31,464 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். உடல்நலம், வருவாய் ஆகியவற்றோடு உறவினர் தொடர்பு, நட்பு, ஊர் நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளுதல் ஆகியவையும் அவ்வாய்வில் இடம்பெற்றன. தனித்து ஒடுங்கியிருத்தல் முதியோரின் உள்ளத்தையும் உடலையும் ஒருங்கே நலிவிக்கிறது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம்.

இவ்வாறு பெறப்படும் எண்கள் அறிக்கையோடு நின்றுவிடுவதில்லை. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் பயனாக, உள்ளூர்த் திட்டங்களைப் பஞ்சாயத்துக்களே வகுக்கின்றன. முதியோர் பகலில் கூடியிருக்கும் ‘பகல் வீடு’ எந்த வார்டுக்குத் தேவை, நோயுற்றோரை வீடு தேடிச் சென்று கவனிக்கும் பணி எங்கே விரிவடைய வேண்டும் என்பன போன்ற முடிவுகளுக்குக் கணக்கு தேவைப்படுகிறது. அளவு பிழைத்தால் தனித்திருக்கும் மூதாட்டி ஒருவர் கணக்கில் வராமற் போவார். ஊரோடு ஒட்டி வாழும் முதியவர் தனித்தவராகப் பதிவாவார். அளவைப் பிழையின் சுமை இறுதியில் இவர்கள் தலையிலேயே விழுகிறது.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளையைக் கடக்கும் சாலை, ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குள் செல்கிறது. ஆனால் மொழி அவ்வாறு ஒரு கம்பத்தோடு முடிந்து மறு கம்பத்தில் தொடங்குவதில்லை. காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை முதலிய கிராமங்களின் பக்கம் மலையாளமும் தமிழும் வீட்டுக்கு வீடு கலந்து வழங்குகின்றன. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் கற்று, எழுத்தென்றால் மலையாள எழுத்தையே அறிந்தவர் உண்டு. இரண்டு எழுத்தும் அறியாத முதியவரும் உண்டு. இவர்களிடம் எந்த வினாப் பட்டியலைக் கொண்டு செல்வது? திருவனந்தபுரத்தில் சோதித்த மலையாளப் பட்டியலா, சென்னையில் சோதித்த தமிழ்ப் பட்டியலா?

இரண்டு மொழிகளுக்கும் பொதுவான சொற்கள் மிகுதி. ஆதலால் இச்சிக்கல் சிறிதென்று தோன்றக்கூடும். உண்மையில் அப்பொதுமையே சிக்கலுக்குக் காரணம். மலையாளத்தில் ‘சம்சாரம்’ என்பது பேச்சு. தமிழில் அது மனைவியை அல்லது இல்வாழ்க்கையைக் குறிக்கும். மலையாளத்தில் ‘யோகம்’ என்பது கூட்டம். தமிழில் அது நற்பேறு அல்லது யோகப் பயிற்சி. மலையாளத்தில் ‘அவசரம்’ என்பது வாய்ப்பு. தமிழில் அது விரைவு. மலையாளத்தில் ‘பிரயாசம்’ என்பது சிரமம். தமிழில் அது முயற்சி. மலையாளத்தில் ‘அயல்காரர்’ என்பவர் அண்டை வீட்டார். இன்றைய தமிழில் ‘அயலார்’ என்றால் பெரும்பாலும் உறவல்லாத வெளியாரையே எண்ணத் தோன்றும்.

சமூகப் பங்கேற்பைப் பற்றிய வினாப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் வரும் முக்கியமான கருத்துகள் இவையே அல்லவா? பிறரோடு பேசுதல், கூட்டத்திற்குச் செல்லுதல், வாய்ப்புக் கிடைத்தல், சிரமம் ஏற்படுதல், அண்டை அயலாரோடு பழகுதல் என்பன இல்லாமல் அப்பட்டியல் அமையாது. இரு மொழியும் பிரியும் சொற்கள், அளக்க வேண்டிய பொருளின் நடுவிலேயே அமைந்துள்ளன. ‘பங்கேற்பு’ என்ற சொல்லும் இவ்விடரிலிருந்து தப்பவில்லை. ஏட்டுத் தமிழில் அது தெளிவான சொல். ‘பங்கு’ என்றவுடன் பாகப்பிரிவினையை நினைக்கும் முதியவருக்கு, ‘குடும்பத்தில் உங்கள் பங்கு என்ன?’ என்ற கேள்வி சொத்தைப் பற்றியதாகவே ஒலிக்கும்.

இவ்வூர் முதியவர்களுள் பலர் இரு பொருள்களையும் அறிவர் என்று மறுமொழி கூறப்படலாம். அது உண்மையே. ஆனால் எப்பொருளில் சொல் வழங்கப்படுகிறது என்பதைக் கேட்பவரைப் பார்த்தே அவர் முடிவு செய்கிறார். மலையாளம் பேசும் சுகாதாரப் பணியாளர் ‘அவசரம் உண்டா?’ என்று வினவினால் வாய்ப்பு என்று கொள்வார். தமிழாசிரியர் அதே சொற்களால் வினவினால் விரைவு என்று கொள்வார். ஒரே முதியவர், ஒரே கேள்வி, விடைகள் இரண்டு. இவ்வேறுபாடு முதியவரின் வாழ்க்கையில் நிகழ்ந்த மாறுதலாக ஏட்டில் பதிவாகிவிடும்.

வழக்கமான சோதனைகளின் எல்லை

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க இன்று பெரிதும் வழங்கும் முறை, ரிச்சர்டு பிரிஸ்லின் 1970இல் விளக்கிய மீள்பெயர்ப்பு முறையாகும். ஒருவர் மூலத்தைப் பெயர்ப்பார். மூலத்தைக் காணாத மற்றொருவர் அப்பெயர்ப்பை மீண்டும் மூலமொழிக்குக் கொணர்வார். இரண்டும் ஒத்திருந்தால் பெயர்ப்பு சரியென்று கொள்ளப்படும். பெரும் பிழைகளைக் களைய இம்முறை மிகவும் பயன்படுவது. ஆயினும் பெயர்ப்பவர் இருவரும் கற்றவர். இருவரும் ஏட்டு வழக்கில் பழகியவர். ‘அவசரம்’ என்று ஒருவர் எழுதினால் மற்றவர் அதை வாய்ப்பு என்றே திருப்பித் தருவார். ஏடு ஒத்துப்போகும். ஆனால் பாறசாலைத் திண்ணையில் அமர்ந்து அதைச் செவியால் கேட்கும் மூதாட்டி, இச்சோதனையில் எந்த இடத்திலும் வருவதில்லை.

அடுத்து வருவது புள்ளியியல் சோதனை. லீ குரோன்பாக் 1951இல் விளக்கிய ஆல்பா என்னும் எண், ஒரு பட்டியலின் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் தமக்குள் எவ்வளவு இணங்குகின்றன என்பதைக் காட்டுகிறது. இந்தியா, நேபாளம், பிரேசில் ஆகிய நாடுகளில் களப்பணி செய்து உருவாக்கப்பட்டு 2006இல் வெளியான பங்கேற்பு அளவுகோல் 18 கேள்விகளைக் கொண்டது. அதன் ஆல்பா 0.92 என்றும், வெவ்வேறு வினவுநரிடையே உள்ள இணக்கம் 0.80 என்றும் அறிவிக்கப்பட்டது. இவை நல்ல எண்கள். ஆனால் இவை அந்த ஆய்வில் கலந்துகொண்ட மக்களுக்கு உரியவை. காகிதத்தோடு சேர்ந்து வேறோர் ஊருக்குப் பயணம் செய்பவை அல்ல. மேலும், பல கேள்விகளை ஒருவர் ஒரே வகையில் தவறாக விளங்கிக்கொண்டால் விடைகள் தமக்குள் இணங்கவே செய்யும். எடைக்கல் தேய்ந்திருந்தாலும் நூறு முறை நிறுத்தால் நூறு முறையும் ஒரே எடையைத்தான் காட்டும். நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு என்பதை ஆசிரியர்கள் தம் தேர்வுத் தாள்களிலேயே கண்டிருப்பர்.

அந்த அளவுகோலில் மற்றொரு நுட்பமும் உண்டு. நோயோ உடற்குறையோ தவிர மற்ற எல்லாவற்றிலும் தம்மை ஒத்த ஒருவரை மனத்தில் கொண்டு, அவரோடு தம்மை ஒப்பிட்டு விடை கூறும்படி அது கேட்கிறது. இளையோருக்கு இது எளிது. எழுபத்தைந்து வயதினர் யாரோடு ஒப்பிடுவார்? ஒத்த வயதினர் பலர் மறைந்திருப்பர். ஆதலால் தம் இளமையோடு ஒப்பிடுவார், அல்லது மகனோடு ஒப்பிடுவார். ‘உங்கள் வயதுடைய, இவ்வூரில் இன்று வாழும் ஒருவர்’ என்று தெளிவாகச் சொல்லி, அவர் யாரை நினைத்தார் என்பதையும் கேட்டறிந்தாலன்றி இவ்விடையின் பொருள் விளங்காது.

எதைப் பங்கேற்பு என்று எண்ணுவது?

சொற்கள் சரியாக அமைந்த பின்னரும் உள்ளடக்கம் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. கனடாவைச் சேர்ந்த மெலனி லெவாசரும் அவர் குழுவினரும் 2010இல் சமூகப் பங்கேற்புக்கு வழங்கப்பட்ட 43 வரையறைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். பிறரைச் சந்திக்க ஆயத்தமாதல், பிறர் நடுவே இருத்தல், பிறரோடு உரையாடுதல், பிறரோடு சேர்ந்து செயலாற்றுதல், பிறருக்கு உதவுதல், சமுதாயத்திற்குப் பணியாற்றுதல் என ஆறு படிகளை அவர்கள் வகுத்தனர். இவ்வாறு படிகளையும் ஊரில் எவ்வெவ்வடிவில் காணலாம் என்று ஆராய்வதே களப்பணியின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

கழகம், மன்றம், தன்னார்வ நிறுவனம் என்று கேட்டால் இக்கிராமத்து மூதாட்டி ‘ஒன்றும் இல்லை’ என்றே கூறக்கூடும். அவரே வாரந்தோறும் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் அமர்ந்திருக்கலாம். நூறு நாள் வேலைக்குப் பெண்களோடு சேர்ந்து சென்றுவரலாம். கோவிலிலோ தேவாலயத்திலோ மாதர் கூட்டத்தில் தவறாது கலந்துகொள்ளலாம். இறப்பு நிகழ்ந்த வீட்டில் இரவெல்லாம் உடனிருக்கலாம். முதியவர் ஒருவர் காலையில் தேநீர்க்கடையில் நாளிதழை உரக்கப் படிக்க, நால்வர் கேட்டிருக்கலாம். இவற்றுள் எதுவும் தம் வாழ்வில் ஒரு ‘நிகழ்ச்சி’ என்று அவர்கள் கருதுவதில்லை. ஆகவே தாமாகச் சொல்வதுமில்லை.

மாநில எல்லையும் இங்கே ஒரு தனிப் பிழைக்கு இடமளிக்கிறது. ‘உங்கள் பஞ்சாயத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குச் செல்வதுண்டா?’ என்ற கேள்வி, நாட்டின் உட்பகுதியில் தீங்கற்றது. மகளை விளவங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்து, திருவிழாவிற்கும் சந்தைக்கும் களியக்காவிளைக்குச் சென்றுவரும் பாறசாலைக்காரருக்கு அது பாதி வாழ்க்கையை விலக்கிவிடுகிறது. எல்லையைக் கேள்வியிலிருந்து நீக்கி, நடந்தோ பேருந்திலோ ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவு என்று கேட்பதே பொருந்தும்.

இந்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் உள்ளன. முதியோரின் நினைவாற்றலைச் சோதிக்கும் ஆங்கிலக் கருவி ஒன்று அரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக இந்தியில் அமைக்கப்பட்டு, மேரி கங்குலி முதலியோரால் 1995இல் வெளியிடப்பட்டது. எழுத்தறியாதவரிடம் ‘ஒரு வாக்கியம் எழுதுக’ என்று கேட்பது பயனற்றதாதலால், தம் வீட்டைப் பற்றி ஏதேனும் கூறும்படி கேட்கப்பட்டது. அளக்க விரும்பியதை விடாமல், கேட்கும் வழியை மாற்றினர். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாப் பட்டியலை உருவாக்கியபோது, தமிழுக்குச் சென்னையும் இந்திக்குப் புதுடெல்லியும் மையங்களாயின. ‘சில வேளை’, ‘அடிக்கடி’ போன்ற சொற்களை அகராதியிலிருந்து எடுக்காமல், பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள கோட்டைக் காட்டி ஒவ்வொரு சொல்லும் கோட்டின் எந்த இடத்தில் விழும் என்று மக்களையே குறிக்கச் செய்தனர். கோட்டின் கால், அரை, முக்கால் பகுதிகளில் விழுந்த சொற்களே விடைச் சொற்களாயின. இம்முறையை நெய்யாற்றின்கரைக் கிராமத்தில் கையாள ஒரு காகிதமும் பென்சிலும் போதும். பென்சில் பிடித்துப் பழகாதவர் விரலால் காட்டலாம்.

செய்யத்தக்கவை

இவ்வளவு சிறிய நிலப்பரப்பிற்குத் தனி வினாப் பட்டியல் தேவையா என்ற ஐயம் நியாயமானதே. ஊருக்கொரு பட்டியல் செய்துகொண்டால், ஓர் ஊரை மற்றோர் ஊரோடு ஒப்பிடுவது எங்ஙனம்? பல நாழிகள் வழங்கிய பழைய நிலைக்கே அது திரும்பச் செய்யும். ஆகவே தனிப் பட்டியல் வேண்டுவதில்லை. கருத்தும் கேள்வி வரிசையும் ஒன்றாகவே இருக்க, கேட்கும் பேச்சு வடிவம் மட்டும் இரண்டாக அமைந்து, அவ்விரண்டும் ஒரே பொருளைத் தருகின்றன என்பது அவ்வூரிலேயே நிறுவப்பட வேண்டும்.

இதற்குரிய படிகள் கடினமானவை அல்ல. முதலாவதாக, இரு மொழி வீடுகளிலிருந்தும் சில முதியோரை அழைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்மொழியாகக் கேட்டு, ‘இதை என்னவென்று விளங்கிக்கொண்டீர்கள்?’ என்று வினவி, அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இரு பொருள் படும் சொல் அகப்பட்டால் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கி, இரு வழக்கிலும் ஒரே பொருள் தரும் சொல்லையோ தொடரையோ இட வேண்டும். இரண்டாவதாக, ஒரே முதியவரை இரண்டு வார இடைவெளியில் இரு வினவுநர் வினவி, விடைகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, மொத்தத்தில் சமநிலையிலுள்ள தமிழ் வீட்டு முதியவரும் மலையாள வீட்டு முதியவரும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் மாறுபட்ட விடை தருகின்றனரா என்று ஆராய வேண்டும். அவ்வாறு தந்தால் ஐயத்திற்குரியது கேள்வியே. காஸ்மின் எனப்படும் சர்வதேச நெறிமுறைகளில் கேள்விகளின் எண்ணிக்கையைப் போல் ஏழு மடங்கினரும், நூற்றுக்குக் குறையாதவரும் இருப்பது நன்றெனக் கூறப்படுகிறது. 18 கேள்விகளுக்கு அது 126 பேர். இரு மொழிப் பிரிவினருக்கும் சேர்த்து 252 பேர். தாலுகா அளவில் இது பெருஞ்செலவன்று.

வினவுகின்றவர் கவனிக்க வேண்டியது மேலும் ஒன்று உண்டு. மகனோ மருமகளோ அருகிலிருந்து விடை கூறும் வழக்கம் எங்கும் உள்ளது. வீட்டின் பெயர் கெடாதிருக்க, ‘அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். முதியவரைத் தனியே, அவர் விரும்பும் மொழியில், அவர் வேகத்திற்கு ஏற்ப வினவுதல் மரியாதை மட்டுமன்று, விஞ்ஞான ஒழுங்குமாகும்.

இச்சிக்கல் இவ்வெல்லைக்கு மட்டும் உரியதன்று. ஈரானில் தப்ரீஸ் நகரத்து முதியோர் வீட்டில் அசர்பைஜான் துருக்கி மொழி பேசுவர்; பள்ளியிலும் அலுவலகத்திலும் வழங்குவது பாரசீகம். தெஹ்ரானில் சரிபார்த்த பாரசீகப் பட்டியலை அங்கே கொண்டுசெல்பவர் எதிர்நோக்க வேண்டிய கேள்வி, பாறசாலையில் எழும் கேள்வியே. அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யும்படி 1956இலேயே மாநிலங்களைப் பணித்தது. குழந்தையிடம் பேசும்போது கொள்ளும் இக்கவனத்தை, அதன் பாட்டியிடம் கேள்வி கேட்கும்போதும் கொள்வது முறையே.

ஆய்வுகள் வகுக்கப்படும் வரை காத்திராமல், களப்பணியாளர் இன்றே செய்யக்கூடிய செயல் ஒன்று உண்டு. வினாப் படிவத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்து, எம்மொழியில் கேட்கப்பட்டது, எம்மொழியில் விடை வந்தது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தச் சொல்லை மாற்றிச் சொன்ன பின்னர் முதியவருக்கு விளங்கியது என்பதையும் அதனருகே எழுதிவைப்பது நலம். நூறு படிவங்களில் அக்கட்டம் நிரம்பியிருந்தால், எந்தக் கேள்வி எல்லையைக் கடக்கவில்லை என்பதை எவரும் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.